அறையை அளந்து கருவியை வாங்குவோம்



ஸ்ரீமுஷ்ணத்திற்கு அண்மையில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்துள்ள அன்பர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். "கூடம் 12 அடி நீளம், 10 அடி அகலம். தொலைக்காட்சிப் பெட்டி வைத்தாயிற்று. பிள்ளைகள் ஹோம் தியேட்டர் வேண்டும் என்கிறார்கள். 78 வயதான என் தாயாரோ, 'எல்லாம் இரைகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை' என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார். ஒரு கடைக்காரர் 5,000 வாட் என்கிறார், மற்றொருவர் 10,000 வாட் என்கிறார். ரிசீவர் என்று ஒரு பெட்டியைக் காட்டி, ஸ்பீக்கர் நீங்கலாக 40,000 ரூபாய், தவணையில் தரலாம் என்கிறார்கள். எதை வாங்குவது, சுவாமி?" என்பது அவருடைய வினா.

பங்குக் குரு இதற்கெல்லாமா விடை பகர்வது என்று சிலர் புன்னகைக்கக்கூடும். குடும்பத்தின் பணம், முதியோரின் செவி, அண்டை வீட்டாரின் உறக்கம் ஆகிய மூன்றும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறு வினா அன்று என்பது புலப்படும். மேலும், ஒலிபெருக்கியோடு போராடாத குரு எந்தக் கோவிலில் இருக்கிறார்? மெய்யியலையும் இறையியலையும் குருமடத்தில் கற்றோம். ஒலியியலை எதிரொலிக்கும் கோவில்களே நமக்குக் கற்பித்தன.

நம் முன்னோர் இடமறிந்து இசைக்கருவியைத் தெரிந்தெடுத்தார்கள். நாகசுரமும் தவிலும் வீதிக்கும் திறந்த மண்டபத்துக்கும் உரியவை. வீணை சிற்றறைக்கு உரியது. வீணையை வீதியில் வாசித்தால் எவர் செவியிலும் விழாது. நாகசுரத்தை 10 அடி அறைக்குள் வாசித்தால் எவராலும் அமர்ந்திருக்க இயலாது. ஹோம் தியேட்டர் வாங்குவோரும் இந்த ஒரு நெறியைக் கைக்கொண்டால் போதும். முதலில் அறை, அதன்பின் ஸ்பீக்கர், கடைசியில்தான் ரிசீவர். நம்மவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால்தான் பணமும் போகிறது, சொல்லும் விளங்குவதில்லை.

ரிசீவர் என்பது யாது?

தொலைக்காட்சி, செட்-டாப் பெட்டி, கைப்பேசி முதலியவற்றிலிருந்து வரும் ஒலிகளுள் வேண்டியதைத் தெரிந்தெடுப்பது இதன் முதல் வேலை. ஒன்றாகக் கட்டி அனுப்பப்பட்ட ஒலியைப் பிரித்து இன்ன பகுதி இன்ன ஸ்பீக்கருக்கு என்று பங்கிடுவது இரண்டாவது வேலை. பங்கிட்டதை ஸ்பீக்கர் முழங்கும் அளவுக்குப் பெருக்கி அனுப்புவது மூன்றாவது வேலை. பழைய ஆம்ப்ளிபயர் மூன்றாவது வேலையை மட்டும் செய்தது. ரிசீவர் மூன்றையும் செய்கிறது.

'5.1' என்று பெட்டியின்மேல் எழுதியிருப்பதன் பொருள் இதுவே: முன்னே இடம், வலம், நடு என மூன்று ஸ்பீக்கர்கள், பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து. ஆழ்ந்த தாழ்ஒலிக்கென்றே தனியாக ஒரு பெட்டி. அதனைச் சப்-ஊஃபர் என்பர். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் முறை 2012-இல் உலகத் திரையரங்குகளுக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே 'சிவாஜி' திரைப்படத்தின் 3டி வடிவம் அம்முறையில் நம் நாட்டில் வெளியாயிற்று. அது பல நூறு பேர் அமரும் அரங்குக்காக வகுக்கப்பட்ட முறை. நால்வர் அமரும் கூடத்தில் ஏழும் ஒன்பதும் ஸ்பீக்கர் மாட்டுவது, நால்வருக்குச் சமைக்க ஊர்விருந்துக் கொப்பரையை அடுப்பிலேற்றுவதற்கு ஒப்பாகும்.

அறையே முதற் கருவி

முற்காலத்தில் நம் பகுதியில் கூரைவீடுகளும் ஓட்டுவீடுகளும் மிகுதி. தென்னங்கீற்றும் வைக்கோலும் ஒலியை விழுங்கிக்கொள்ளும். மண்தரையும் கயிற்றுக் கட்டிலும் திறந்த திண்ணையும் அவ்வாறே. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் கூரைவீட்டு மக்களை என்ன பாடு படுத்தியது என்பதை நம் மாவட்டத்தார் மறந்திலர். இன்று எங்கும் காங்கிரீட் கூரை, சிமெண்டுப் பூச்சுச் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. புயலுக்கு இவை அரண். சொல்லுக்கோ இவை பகை. பேசிய சொல் சுவரிலும் தரையிலும் மோதி மோதித் திரும்புகிறது. முதற்சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. தாயார், "எல்லாம் இரைகிறது" என்று கூறியது முழு உண்மை. அவர் குறை கூறியது கருவியையன்று, அறையை.

இதனை முதன்முதல் அளந்து காட்டியவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சபைன். அங்குப் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் ஒரு சொல் 5 விநாடிக்கு மேலும் ஒலித்துக்கொண்டே நின்றது. பாடம் எவருக்கும் விளங்கவில்லை. 1895-இல் அதனைச் சீர்படுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரவில் ஊர் அடங்கியபின், அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து கூடத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. திறந்த சன்னலைத் தம் அளவுகோலாக வைத்துக்கொண்டார். சன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை அல்லவா? 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகர இசையரங்கு அவருடைய கணக்கின்படி எழுந்தது. இன்றளவும் அது புகழோடு விளங்குகிறது.

அவருடைய கணக்கை நம் அன்பரின் கூடத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைக்கும் எளிது. அறையின் கன அடியை 20-ஆல் வகுக்க வேண்டும். வரும் தொகையை, அறைக்குள் ஒலியை விழுங்கும் பரப்பின் சதுர அடியால் மீண்டும் வகுக்க வேண்டும். கிடைப்பது, ஒலி அடங்கும் விநாடி. ஒலி அடங்குதல் என்பது அதன் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைதல் என்று கொள்க.

கூடம் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1,200; 20-ஆல் வகுத்தால் 60. நான்கு சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து 680 சதுர அடி. வழவழப்பான பரப்பு நூற்றுக்கு மூன்று பங்குதான் ஒலியை விழுங்கும். அதாவது சுமார் 20 சதுர அடி. 60-ஐ 20-ஆல் வகுக்க, 3 விநாடி. வெற்றுக் கூடத்தில் சொல் 3 விநாடி நிற்கிறது!

இனி நால்வர் அமரட்டும். ஆளொன்றுக்கு ஏறத்தாழ நாலரைச் சதுர அடி. பரப்பு 38 ஆகிறது. நேரம் ஒன்றரை விநாடிக்குச் சற்றே மேல். ஒரு கட்டிலும் பஞ்சு மெத்தையும் போட்டால் மேலும் 12 சதுர அடி. கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக ஒரு சுவரில் 40 சதுர அடிக்குத் தொங்கவிட்டால் மேலும் 20. இப்பொழுது பரப்பு 70. நேரம் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. எதிர்ச்சுவரில் துணியடைத்த பலகையோ, நூல்கள் நிறைந்த திறந்த அலமாரியோ, இன்னொரு திரைச்சீலையோ சேர்த்தால் அரை விநாடியை நெருங்கலாம். வீட்டுக் கூடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்க அதுவே ஏற்ற அளவு. கோரைப்பாயும் மெல்லிய ஜமுக்காளமும் மிகச் சிறிதே உதவும். தடிப்புள்ள பஞ்சும் மடிப்புள்ள துணியுமே வேலை செய்யும்.

அளவுநாடா கைக்கு எட்டாதவர்கள் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பார்க்கட்டும். தட்டியபின் 'கிண்' என்று ஓர் ஓசை தொடர்ந்து வந்தால், அக்கூடத்துக்கு எத்துணை விலையுயர்ந்த ரிசீவர் வாங்கினாலும் வீணே. இன்றைய ரிசீவர்களில் ஓர் ஒலிவாங்கியை நட்டு அறையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. ஸ்பீக்கர்களின் தூரத்தையும் உரப்பையும் அது சமன் செய்யும்; சுவரில் மோதித் திரும்பும் ஒலியை அழிக்க அதனால் ஆகாது. அதற்குத் துணிக்கடைதான் போக வேண்டும், மின்கடை அன்று.

10,000 வாட் என்னும் மாயை

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 5,000, 10,000 என்று அச்சிட்டு, அருகே சிறிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருப்பார்கள். எவரும் வரையறுத்துத் தராத அளவு அது. விற்பவர் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். உண்மையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதாரணச் சிறு பிளக் 5 ஆம்பியர் தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 1,150 வாட். 10,000 வாட்டை உண்மையாகவே தரும் கருவிக்கு 43 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும்; போட்ட மாத்திரத்தில் பியூஸ் போய்விடும். பியூஸ் போகவில்லையாயின், அச்சிட்ட எண் பொய் என்பதற்கு உங்கள் வீட்டுச் சுவரே சாட்சி!

பெட்டியைத் திருப்பிப் பின்புறச் சீட்டைப் படியுங்கள். அக்கருவி எத்தனை வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்பது அங்கே இருக்கும். 60 வாட் எடுத்துக்கொள்ளும் கருவி தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் கொடுக்க இயலாது. உள்ளே வராத மின்சாரம் வெளியே போவதெங்ஙனம்?

நம் ஊர்க் கடைவீதிகளில் ஆம்ப்ளிபயரைத் தாமே கோத்துத் தரும் தொழிலாளர்கள் நெடுநாளாக இருக்கின்றனர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிகள் வாங்கிவந்து பொருத்துவார்கள். '4440 போர்டு' என்று அவர்கள் சொல்லும் சில்லு, சான்யோ நிறுவனம் வகுத்தது. அதன் உண்மைத் திறன் பக்கத்துக்கு 6 வாட். இரு பக்கத்தையும் ஒன்றாக இணைத்தால் 19 வாட். அந்த 6 வாட்டைக் கொண்டே எத்தனையோ வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பாட்டு நிறைந்து ஒலித்திருக்கிறது. ஆதலால் அத்தொழிலாளரை எளிமையாக எண்ணிவிடலாகாது. பொய்யெண் அச்சிட்ட பளபளப்புப் பெட்டியைக் காட்டிலும், "இது 20 வாட்தான், ஐயா" என்று உண்மை சொல்லும் அவர் மேலானவர்.

அப்படியாயின் எத்தனை வாட் வேண்டும்? வீட்டு ஸ்பீக்கர்களின் சீட்டில் '88 டெசிபல்' என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அவ்வளவு உரப்பு கிடைக்கும் என்பது பொருள். 10 அடி தள்ளி அமர்ந்தால் ஏறத்தாழ 80 டெசிபல். நாம் அமைதியாகத் தொலைக்காட்சி பார்க்கும் உரப்போ 65 முதல் 70 டெசிபல். ஆகவே பெரும்பாலான நேரம் கருவி செலவிடுவது ஒரு வாட்டில் பத்திலொரு பங்கே! இடி, வெடி, மேளம் ஆகியவை திடீரென எழும்பொழுது அதைப்போல் நூறு மடங்கு தேவைப்படும். அதுவும் 10 வாட்தான். தாராளமாகக் கணக்கிட்டாலும், அன்பரின் கூடத்துக்கு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 30 முதல் 50 உண்மை வாட் போதும். வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே; செவி அதனைச் சிறு வேறுபாடாகவே உணரும். செவிக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமாயின் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். 50 வாட் கருவிக்கும் 70 வாட் கருவிக்கும் விலையில் உள்ள வேறுபாட்டைச் செவியில் தேடினால் கிடைக்காது.

பெயர் பெற்ற ரிசீவர்களிலும் எண்ணை ஆராய்ந்தே கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் இயக்கி அளந்த எண்ணைச் சிலர் முன்னே போடுவர். "இரண்டு ஸ்பீக்கரும் ஒருங்கே இயங்கும்போது, 8 ஓம் அளவில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அமெரிக்க அரசு 1974-இலேயே இவ்வகை மிகைக்கூற்றைத் தடுக்க விதி வகுத்தது. 2024-இல் அதனை மேலும் இறுக்கியது. ஏமாற்று என்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

'ஓம்' என்னும் அளவையும் பாருங்கள். ரிசீவரின் பின்புறம் '6 ஓமுக்குக் குறையாமல்' என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் இணைக்கலாகாது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் பக்கம்பக்கமாக இணைத்தால் அது 4 ஓம் ஆகிவிடும். கருவி சூடேறிப் பழுதாவது பெரும்பாலும் இதனாலேயே.

பாட்டிக்குச் சொல் விளங்க

இனி தாயாரின் குறைக்கு வருவோம். நம் தமிழ் இலக்கணம் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்திருக்கிறது. உரப்பாக ஒலிப்பது உயிர். ஆனால் 'கல்' என்றதா, 'பல்' என்றதா என்று பிரித்துக் காட்டுவது மெய். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த நுண்ணொலிகளை. மெய்யெழுத்துகளின் அடையாளமோ பெரும்பாலும் அந்த நுண்ணொலிகளில்தான் இருக்கிறது. ஆகையால் முதியவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. நாமோ உரப்பைக் கூட்டுகிறோம். சப்-ஊஃபரின் முழக்கமும் கூடவே ஏறி, மிஞ்சியிருந்த மெய்யெழுத்தையும் அமிழ்த்திவிடுகிறது. பெரியவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். "அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவர் தனித்துப் போவது இவ்வாறுதான் தொடங்குகிறது.

இங்குதான் ரிசீவருக்கு மெய்யான பயன் உண்டு. திரைப்படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ரிசீவரில் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டி, சப்-ஊஃபரைக் குறைத்துவிடலாம். 'இரவு நிலை' என்றொரு வசதியும் பலவற்றில் உண்டு. அது பேரொலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தித் தரும். நடு ஸ்பீக்கரை அலமாரிக்குள் அடைக்காமல், தொலைக்காட்சிக்குக் கீழே, முகம் செவியை நோக்கியிருக்குமாறு வையுங்கள். தாயாரின் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டடி முன்னே இழுத்துப் போடுங்கள். காசில்லாத இச்சிறு மாற்றங்கள், ஆயிரக்கணக்கில் செலவிட்டும் கிட்டாத தெளிவைத் தரும்.

இவ்வளவு செய்தும் விளங்கவில்லையாயின், கடைக்குப் போவதை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவினரிடம் செவித்திறனைச் சோதித்துக்கொள்வது நன்று. ரிசீவர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் தாயாருக்கு முதலில் செவித்துணைக் கருவி வாங்க வேண்டியிருக்குமாயின், அதுவே அவ்வீட்டின் முதல் ஒலிக்கருவி ஆகட்டும்.

பிள்ளைகளின் செவியையும் காக்க வேண்டும். வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தகும் நேரம் பாதியாகிறது. இழந்த செவித்திறன் மீண்டும் வருவதில்லை.

சுவருக்கு அப்பால்

ஒலிக்கு வேலி இல்லை. அதிலும் தாழ்ஒலி சுவரை ஊடுருவிச் செல்லும். பாட்டு நமக்கு, 'தும் தும்' என்னும் இடிப்பு மட்டும் அடுத்த வீட்டுக்கு என்றாகிறது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள இசுலாமியப் பெருமக்கள் வரவேற்று மரியாதை செய்வது வழிவழி வந்த வழக்கம். இத்தகைய அண்டை உறவு தழைத்த மண்ணில், சப்-ஊஃபர் ஒன்றினால் இரு வீட்டார் முகம் திருப்பிக்கொள்வது வருந்தத்தக்கது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் எல்லையாகும். தனியார் வீட்டு ஒலிக்கருவியின் ஓசை, வீட்டு எல்லையில் இவ்வளவைக் காட்டிலும் 5 டெசிபலுக்கு மேல் மிகலாகாது. கிறிஸ்தவர்களாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டிய தீர்ப்பும் ஒன்றுண்டு. சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், 2000 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கியாலோ மேளத்தாலோ பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். வழிபாட்டுக்கே அந்த எல்லை என்றால் வாணவேடிக்கைத் திரைப்படத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே சப்-ஊஃபரைப் பொதுச்சுவரை ஒட்டியும் மூலையிலும் வைக்காதீர்கள். மூலை, தாழ்ஒலியை வீங்கச் செய்யும். இரவு 10 மணிக்கு மேல் அதனை அணைத்தே வையுங்கள். வாங்கிய முதல் நாளே அடுத்த வீட்டாரை அழைத்து, "அங்கே கேட்கிறதா?" என்று கேட்டுவிடுவது நல்லுறவுக்கு அழகு.

மின்சாரமும் வெப்பமும்

ரிசீவர் மிகுந்த வெப்பத்தை வெளியிடும் கருவி. அதன் மேற்புறம் குறைந்தது 4 அங்குலம் வெற்றிடம் வேண்டும். பூவேலை செய்த துணியால் போர்த்தி வைப்பது நம் இல்லத்தரசியரின் அன்பான பழக்கம். இயங்கும்போது அத்துணியை எடுத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் புகாதபடி அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றுமுனைப் பிளக்கில் எர்த் இணைப்பு முறையாக இருத்தல் இன்றியமையாதது. இடி மின்னல் காலத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையும், கூரையிலிருந்து வரும் டிஷ் ஒயரையும் கழற்றி வையுங்கள். ஸ்பீக்கருக்கு விலையுயர்ந்த ஒயர் வேண்டுவதில்லை. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இத்தூரத்துக்குத் தாராளம்.

எதை வாங்கலாம்?

அன்பருக்கு நம் விடை இது. முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். திரைச்சீலையும் மெத்தையும் போட்டு, இருக்கும் தொலைக்காட்சியையே கேட்டுப் பாருங்கள். தாயார் முகம் தெளிந்தால் பாதி வேலை முடிந்தது. அதன்பின்னும் வேண்டுமென்றால், ஐந்து மட்டமான ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக முன்னே மூன்று நல்ல ஸ்பீக்கர்கள் வாங்குங்கள். பாட்டும் செய்தியும் திருப்பலி ஒளிபரப்பும் மட்டுமே கேட்கும் வீடாயின், ரிசீவரே வேண்டாம். பேச்சுக்கென நடு ஸ்பீக்கர் உள்ள நல்ல சவுண்ட்பார் ஒன்று போதும். பிள்ளைகளுக்குத் திரைப்படத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் மட்டும், ஐந்து ஸ்பீக்கர் வரை தாங்கும் எளிய ரிசீவரை வாங்கி, மற்ற இரண்டைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளையருகே 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இருந்தால் ஒரே கம்பியில் ஒலி திரும்ப வந்துவிடும். பழுது பார்க்கும் நிலையம் எவ்வூரில் உள்ளது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வெடிச்சத்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள், மயங்காதீர்கள். தாயாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் பேசும் செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். உரப்பைக் குறைத்து வைத்தும் அவருக்குச் சொல் விளங்கினால் அக்கருவி நல்லது.

தவணையைப் பற்றி ஒரு சொல். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் வட்டி விலைக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். ரொக்க விலை என்ன, தவணை முழுவதும் கட்டி முடிக்கையில் மொத்தம் என்ன என்று இரண்டையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கரும்புப் பணமும் நெல் பணமும் கைக்கு வரும் காலத்தை எதிர்நோக்கி வாழும் குடும்பத்துக்கு, மாதந்தோறும் தவறாமல் வரும் தவணைச் சீட்டு, காதுக்குக் கேளாத ஓர் இரைச்சல். ஓராண்டு பொறுத்துச் சேமித்து ரொக்கமாக வாங்கினால் பொருளின் விலையும் இறங்கியிருக்கும், உள்ளமும் இலேசாக இருக்கும்.

கருவி குடும்பத்தை ஒரே அறையில் கூட்டி வைக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே. பேரனும் பாட்டியும் ஒரே நகைச்சுவைக்கு ஒரே நேரத்தில் சிரிக்கும் வீட்டில் வாட் கணக்கை எவரும் கேட்கப் போவதில்லை. இவ்வாறு வீட்டுக்குப் பொருள் வாங்குவதில் ஐயமுள்ளோர் தொடர்ந்து எழுதுக. அறிந்தவரைக் கேட்டு ஆராய்ந்து, அடுத்த திங்கள் இதே பக்கத்தில் விடை தருவோம்.